ஐம்பது வயது இசைக்குழு பெரிய விழாவின் கடைசி மேடையில் இன்னும் நிற்க முடியுமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இப்படி வரும்: அயர்ன் மெய்டன் 1975இல் தொடங்கிய இங்கிலாந்து ஹெவி மெட்டல் குழு, ஆட்கள் எழுபதை நெருங்கிவிட்டார்கள், 42 வருடம் கூடவே வாசித்த டிரம்மரும் சுற்றுப்பயணங்களிலிருந்து விலகிவிட்டார், இந்த நிலையில் டவுன்லோட், வாக்கென் மாதிரிப் பெரிய விழாக்களில் இவர்களால் ஹெட்லைன் செய்ய, அதாவது இரவின் கடைசி, முக்கிய நிகழ்ச்சியைக் கொடுக்க முடியுமா, இல்லை பழைய பேருக்காகத்தான் கடைசி இடத்தைக் கொடுக்கிறார்களா. கூடவே, ஐரோப்பா போகும்போது காசு செலவழித்துப் பார்க்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. அந்தப் பேருக்கு இன்னும் டிக்கெட் விற்குமா என்பது ஒன்று, அந்த வேகத்தில் வாசிக்க உடம்பு ஒத்துழைக்குமா என்பது இன்னொன்று. மூன்றாவதுதான் உங்களுக்கு உண்மையில் வேண்டியது என்று நினைக்கிறேன்: நான் ஏமாந்து திரும்புவேனா? மூன்றையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் இந்த விவாதம் எங்கே நடந்தாலும் சண்டையில் முடிகிறது.

நான் மேடை ஒலி வேலை செய்பவன். சென்னையில் மெல்லிசைக் கச்சேரிகளில் கேபிள் சுருட்டித் தொடங்கினேன், இப்போது பல வருடங்களாகக் கோடைக்காலம் முழுக்க ஐரோப்பாவின் திறந்தவெளி விழாக்களில் ஸ்பீக்கர் ஏற்றுவதும் மானிட்டர், அதாவது மேடையில் இருப்பவர்களுக்கே கேட்கிற ஒலி, கவனிப்பதுமாகப் போகிறது. இவ்வளவு பெரிய குழுக்கள் தங்கள் சொந்த ஒலி ஆட்களோடுதான் வருவார்கள், என் மாதிரி உள்ளூர் ஆட்கள் பக்கத்தில் நின்று மின்சாரம், ஸ்பீக்கர், கேபிள் பார்த்துக்கொள்வோம். அதனால் மேடையில் என்ன நடக்கிறது என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவனாகப் பேசுகிறேன். மருத்துவனாகவோ கணக்குப் பார்ப்பவனாகவோ பேசவில்லை.

முதலில் சந்தேகமே இல்லாத விஷயம். இங்கிலாந்தின் டோனிங்டன் மைதானத்தில் மெய்டன் 1988, 1992 இரண்டு முறை மான்ஸ்டர்ஸ் ஆஃப் ராக் விழாவில் கடைசியாக வாசித்தார்கள். அதே இடத்தில் 2003இல் டவுன்லோட் விழா ஆரம்பித்தபோது அங்கேயும் ஹெட்லைன், அப்புறம் 2007, 2013, 2016, 2022. ஜெர்மனியின் வாக்கெனில் 2023 வரை வந்திருக்கிறார்கள். அந்த வருடம் மழையில் மைதானமே சேறாகி, டிக்கெட் வைத்திருந்த ஆயிரக்கணக்கானவர்களை உள்ளே விட முடியாமல் பாதியில் நுழைவை நிறுத்திவிட்டார்கள். பிரேசிலின் ராக் இன் ரியோ விழாவில் 2001, 2013, 2019, 2022. இது பழைய பேருக்குக் கொடுத்த மரியாதை என்றால், ஒரு முறை கொடுத்துவிட்டு அடுத்த முறை வேறு ஆளைப் பார்த்திருப்பார்கள். திரும்பத் திரும்ப யாரும் கோடிக்கணக்கில் மரியாதை செய்ய மாட்டார்கள்.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று உண்டு. பாடகர் புரூஸ் டிக்கின்சன் 1993இல் விலகினார். அதற்குப் பிறகு வந்த வருடங்களில் அமெரிக்காவில் இந்தக் குழு சின்ன அரங்குகளிலும் கிளப்புகளிலும் வாசித்துக்கொண்டிருந்தது, அப்போது பாஸ் வாசிக்கும் ஸ்டீவ் ஹாரிஸுக்கு நாற்பது வயதுதான். 1999இல் டிக்கின்சனும் கிட்டார் வாசிக்கும் ஏட்ரியன் ஸ்மித்தும் திரும்பி வந்தார்கள், 2001 ஜனவரியில் ராக் இன் ரியோவின் பெரிய கூட்டத்தின் முன் நின்றார்கள். அதாவது நாற்பதில் இறங்கிய குழு நாற்பத்தைந்தை நெருங்கும்போது ஏறியது. வயது கூடக் கூட மதிப்பு இறங்கும் என்ற நேர்க்கோடு இந்தத் தொழிலில் கிடையாது. எந்த ஆட்கள் சேர்ந்து நிற்கிறார்கள், எந்தக் குரல் பாடுகிறது என்பதுதான் வயதைவிடப் பெரிய விஷயமாக இருந்திருக்கிறது.

ஹெட்லைன் என்றால் என்ன என்பதிலும் ஒரு குழப்பம் இருக்கிறது. இரவின் கடைசி இடம் என்பது மூப்பு வரிசையில் கொடுக்கிற இடம் கிடையாது, அந்த நாளின் டிக்கெட் யார் பேரைச் சொல்லி விற்கிறதோ அவர்களுக்கான இடம். இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி விழாவில் இது தெளிவாகத் தெரியும். அங்கே ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் பழம்பெரும் கலைஞர்களுக்கென்றே ஓர் இடம் வைத்திருக்கிறார்கள். 2002இல் இரவு ஹெட்லைனராக வந்த ராட் ஸ்டூவர்ட், 2025இல் 80 வயதில் அந்தப் பிற்பகல் இடத்தில் பாடினார். அதே வார இறுதியில், அதற்கு முந்தைய இரவு, 79 வயது நீல் யங் அதே மேடையில் ஹெட்லைனர். இருவருக்கும் ஒரு வயதுகூட முழுதாக வித்தியாசம் இல்லை! பிற்பகல் இடம் குறைச்சல் என்று சொல்ல வரவில்லை, அதற்கு வரும் கூட்டம் பிரமாதமாக இருக்கும். ஆனால் வயதானால் தானாகவே பிற்பகலுக்குத் தள்ளிவிடுவார்கள் என்பது உண்மையில்லை என்பதற்காகச் சொன்னேன். 2022இல் பால் மெக்கார்ட்னி 80 வயது முடிந்த மறுவாரமே அங்கே ஹெட்லைன் செய்தார், அதே விழாவில் இன்னொரு இரவு 20 வயது பில்லி ஐலிஷ். மூத்தவர்களை மட்டுமே வைத்து 2016இல் கலிபோர்னியாவின் இண்டியோவில் ஒரு விழாவே நடத்தினார்கள். 2023இல் அதே ஊரில் மெட்டல் குழுக்களுக்காக இன்னொன்று நடந்தது, அதில் மெய்டனும் இருந்தது.

சரி, விற்பனை இருக்கிறது. உடம்பு? இங்கேதான் நான் அதிகம் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் போவது பெரும்பாலும் குரல்தான். வயதாகும்போது குரல் நாண்களின் தசை மெலிகிறது, இரண்டும் முழுதாக ஒட்டாமல் இடையில் காற்று கசிகிறது, மேல் ஸ்தாயியில் நின்று பிடிப்பது கஷ்டமாகிறது. அதைவிட முக்கியமானது, ஒரு இரவு பாடிக் களைத்த தொண்டை பழைய நிலைக்குத் திரும்ப எடுக்கும் நேரம் கூடிவிடுகிறது. இளம் குழு வாரத்துக்கு ஐந்து நாள் பாடும், அறுபதைத் தாண்டிய பாடகருக்கு ஒரு நாள் பாடினால் அடுத்த நாள் ஓய்வு வேண்டும். அந்த ஓய்வு நாளிலும் லாரிகளுக்கு வாடகை ஓடும், நூறு பேருக்குச் சம்பளமும் ஹோட்டலும் போகும். சமாளிக்க வழிகள் இருக்கின்றன. கிட்டார்களின் சுருதியை அரைக் கட்டையோ ஒரு கட்டையோ இறக்கிக்கொள்வது ரொம்ப சகஜம், அதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை, நம் ஊர்ப் பாடகர்களும் வயதானால் கட்டையை இறக்கிக்கொள்வதுதானே. உச்சத்தில் வரும் வரியைக் கூட்டத்திடம் கொடுத்துவிடுவது இன்னொரு வழி. பதிவு செய்த குரலை ஓடவிடுவது மூன்றாவது. அதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை, காசு கொடுத்து வந்தவன் கேட்க வந்தது அதை அல்ல.

டிக்கின்சன் விஷயத்தில் 2014 கடைசியில் நாக்கின் அடிப்பகுதியில் புற்றுநோய் கண்டுபிடித்தார்கள். கீமோதெரபி, கதிர்வீச்சு இரண்டும் முடிந்து 2015 மே மாதம் குணமானதாக அறிவித்தார்கள், 2016இல் சுற்றுப்பயணம் போனார். தொண்டைப் பக்கம் கதிர்வீச்சு வாங்கியவருக்கு எச்சில் வறண்டுபோவது சாதாரணம், வறண்ட தொண்டையோடு பாடுவது எவ்வளவு கொடுமை என்று ஜலதோஷத்தோடு மேடை ஏறிய எந்தப் பாடகரைக் கேட்டாலும் சொல்வார். அதற்குப் பிறகும் இவர் இந்த அளவு பாடுவதை நான் வியப்போடுதான் பார்க்கிறேன். ஆனால் எல்லாருக்கும் இப்படி அமையாது. ஏரோஸ்மித் குழுவின் பாடகர் ஸ்டீவன் டைலருக்கு 2023 செப்டம்பரில் ஒரு நிகழ்ச்சியில் குரல்வளை அடிபட்டது, 2024 ஆகஸ்டில் குழு சுற்றுப்பயணத்தையே நிறுத்திவிட்டது. அதே டைலர் 2025 ஜூலையில் பர்மிங்ஹாமில் பிளாக் சபாத் விடைபெறும் நிகழ்ச்சியில் வந்து சில பாட்டுகள் பாடினார், நன்றாகவே பாடினார். அன்று சபாத்தின் பாடகர் ஓஸி ஆஸ்போர்னும் நாற்காலியில் உட்கார்ந்தபடி பாடினார், மூன்று வாரத்துக்குள் காலமாகிவிட்டார். ஒரு மாலை பாடுவது வேறு, வாரத்துக்கு மூன்று நாளாக இரண்டு மாதம் பாடுவது வேறு. விழா நடத்துபவர்கள் பயப்படுவது இந்த இரண்டாவதைப் பற்றித்தான், ஏனென்றால் அவர்கள் விழா அந்தச் சுற்றின் பதினைந்தாவது நாளில் வரலாம்.

காதும் ஒரு காரணம். ஏசி/டிசி குழுவின் பாடகர் பிரையன் ஜான்சன் 2016இல் பாதிச் சுற்றில் நின்றார், தொடர்ந்தால் கேட்கும் திறன் முழுதாகப் போய்விடும் என்று மருத்துவர்கள் சொன்னதால். மீதியை ஆக்சல் ரோஸ் பாடி முடித்தார். ஜான்சன் ஏசி/டிசியோடு திரும்பி மேடை ஏறியது 2023இல்.

ஆனால் மெட்டல் குழுவில் குரலுக்கு அடுத்து, சில சமயம் அதற்கு முன்னாலேயே, வயது காட்டுவது டிரம்ஸ் பக்கம். கிட்டார் வாசிப்பவர் விரல் கொஞ்சம் தடுமாறினால் பக்கத்து கிட்டார் மூடிவிடும், மெய்டனில் மூன்று கிட்டார் இருப்பதால் அந்தப் பாரம் இன்னும் நன்றாகப் பிரிகிறது. டிரம்மருக்கு ஒளிய இடம் கிடையாது. மெய்டனின் டிரம்மர் நிக்கோ மெக்பிரெய்னுக்கு 2023 ஜனவரியில் பக்கவாதம் வந்தது, வலது பக்கம் செயலிழந்தது. இதன் அர்த்தத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பெரும்பாலான மெட்டல் டிரம்மர்கள் இரண்டு காலாலும் பேஸ் டிரம்மை மிதிப்பார்கள். மெக்பிரெய்ன் கிட்டத்தட்ட வாழ்நாள் முழுக்க ஒற்றை மிதியிலேயே மெய்டனின் அந்தக் குதிரைப் பாய்ச்சல் தாளத்தை வாசித்தவர், அந்த மிதி வலது கால், தாளம் ஓட்டுகிற கை வலது கை. எந்தப் பக்கம் அவருடைய மொத்த வித்தையையும் தாங்கியதோ அந்தப் பக்கமே போய்விட்டது. அப்போது அவருக்கு 70 வயது. அந்த மே மாதமே சுற்றுப்பயணம் தொடங்கி வாசித்தார்! வெளியே சொன்னதே ஆகஸ்டில்தான். வேகமான சில உருட்டல்களை முன்போல் வாசிக்க முடியவில்லை என்று அவரே ஒப்புக்கொண்டார், அங்கங்கே எளிமையாக்கிக்கொண்டார். கூட்டத்தில் பெரும்பாலானவர்களுக்கு அது தெரியவில்லை, டிரம்ஸ் தெரிந்தவர்களுக்குத் தெரிந்தது. 2024 டிசம்பர் 7 அன்று சாவோ பாலோவில் கடைசியாக வாசித்துவிட்டுச் சுற்றுப்பயணத்தை விட்டார். ஹாரிஸின் இன்னொரு குழுவில் வாசித்த சைமன் டாசன் இப்போது அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

இது பழைய குழுவா, பழைய பேரில் புதுக் குழுவா என்று நீங்கள் கேட்கலாம். இதில் என் கருத்தைத்தான் சொல்ல முடியும், தீர்ப்பு சொல்ல முடியாது. பாடல்களை எழுதியவர்களும் அந்தக் குரலும் மேடையில் இருக்கும்வரை கூட்டம் ஏற்றுக்கொள்ளும். மெக்பிரெய்னின் அந்தத் துள்ளல் எனக்கு ரொம்பப் பிடிக்கும், அது இல்லாதது எனக்குக் குறைதான். ஆனால் பாடல்கள் அவற்றுக்குரிய வேகத்தில் ஓடுவதும் ஒரு நேர்மை.

வெளியில் தெரியாத இன்னொரு சங்கடம், விழா மேடை வயதானவர்களுக்குக் கருணை காட்டாது. சொந்தக் கச்சேரி என்றால் மதியம் வந்து நிதானமாக ஒலி சரிபார்ப்பார்கள். விழாவில் ஹெட்லைனருக்கு அதிர்ஷ்டம் இருந்தால் காலையில் கொஞ்ச நேரம் கிடைக்கும், இல்லாவிட்டால் முந்தைய குழு இறங்கியதும் ஒரு மணி நேரத்துக்குள் மேடையை மாற்றி, ஒவ்வொரு மைக்காகத் தட்டிப் பார்த்துவிட்டு விளக்கை அணைத்துவிடுவோம். முதல் பாட்டிலேயே பாடகருக்குத் தன் குரல் சரியாகக் கேட்காவிட்டால் கத்தத் தொடங்குவார், இருபது வயதுத் தொண்டை அதைத் தாங்கும், அறுபத்தேழு வயதுத் தொண்டை மூன்றாம் பாட்டுக்குள் களைத்துவிடும். மானிட்டர் வேலை பார்க்கும்போது மூத்த பாடகர்கள் மேடை ஏறினால் முதல் இரண்டு நிமிடம் நான் அவர்கள் கழுத்து நரம்பைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன், சத்தம் போதவில்லை என்று கை காட்டுவதற்கு முன்னால் அது காட்டிக்கொடுத்துவிடும். இரவு ஒன்பதரை மணிக் குளிர்காற்று இதற்கு மேல். ஒரே ஒரு சாதகம், விழாவில் பல இடங்களில் பதினொரு மணிக்குள் சத்தத்தை நிறுத்தியாக வேண்டும், அதனால் நேரம் கொஞ்சம் குறைவு.

கூட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பழைய ரசிகர்களை மட்டும் நம்பி யாரும் பெரிய விழாவை நிரப்ப முடியாது. அவர்களுக்கும் முட்டி வலி வந்துவிடும், கூடாரத்தில் மூன்று நாள் படுக்க மாட்டார்கள். 2007 மார்ச் 17 அன்று மெய்டன் பெங்களூர் அரண்மனை மைதானத்துக்கு வந்தபோது சென்னையிலிருந்து ரயில் ஏறிப் போனவர்களில் நானும் ஒருவன். ஹாரிஸ் அப்போதுதான் 51 வயது முடித்திருந்தார். என்னைச் சுற்றி நின்றவர்கள் எல்லாம் கல்லூரிப் பிள்ளைகள், அந்தப் பாட்டுகளில் பாதி வெளியானபோது பிறந்தே இருக்க மாட்டார்கள். பாட்டின் வார்த்தைகளை மட்டுமல்ல, கிட்டார் வரிகளையே ஓ ஓ என்று பாடினார்கள். அடுத்த வருடம் உலகச் சுற்றையே மும்பையிலிருந்துதான் தொடங்கினார்கள். இன்றைக்கும் ஐரோப்பிய விழாக்களில் அப்பா ஒரு டி-ஷர்ட், பத்து வயது மகள் அதே டி-ஷர்ட் என்று நிற்பதைப் பார்க்கிறேன். இதற்கு ஒரு காரணம் குழுவின் சின்னமான எடி என்ற எலும்புக்கூட்டு உருவம் என்று நினைக்கிறேன். மற்ற குழுக்களுக்கு முகம் என்பது பாடகரின் முகம், அது சுருங்கும். இவர்களின் முகம் ஆரம்பத்திலிருந்தே எலும்புக்கூடு, அதற்கு வயதாக வழியில்லை.

இனி உறுதியில்லாத பகுதி. முடியுமா என்பதைவிட, விழாக்களில் வாசிக்க அவர்களுக்கு விருப்பம் இருக்குமா என்பதே வருங்காலக் கேள்வி என்பது என் கணிப்பு. 2025 மே மாதம் புடாபெஸ்டில் தொடங்கிய ஐம்பதாம் ஆண்டுச் சுற்றில் முதல் 9 ஆல்பங்களின் பாடல்களை மட்டும் வாசித்தார்கள், பெரும்பாலும் தங்கள் சொந்தக் கச்சேரிகளில். லண்டனில் ஹாரிஸ் உயிராக நேசிக்கிற வெஸ்ட் ஹாம் கால்பந்து அணியின் மைதானத்திலும் வாசித்தார்கள். சொந்தக் கச்சேரியில் டிக்கெட் வருமானத்தின் பெரும்பங்கு குழுவுக்கே வரும், விழாவில் பேசிய தொகை மட்டும்தான். அதற்கு மேல், விழாவில் வாசிக்க ஒப்புக்கொண்டால் அந்தச் சுற்றுவட்டாரத்தில் சில மாதங்களுக்கு வேறு கச்சேரி செய்யக்கூடாது என்ற நிபந்தனையும் வழக்கமாக இருக்கும். உடம்பில் மீதமிருக்கிற இரவுகளை எண்ணிச் செலவழிக்கிற வயதில் யார் சேற்று மைதானத்தைத் தேர்ந்தெடுப்பார்கள்? இன்னொரு பக்கம், விழாக்களும் அடுத்த தலைமுறையைத் தேட ஆரம்பித்துவிட்டன. 2025 டவுன்லோடில் 2016இல் தொடங்கிய ஸ்லீப் டோக்கன் ஹெட்லைன் செய்தது, நல்ல விஷயம், இப்படிப் புதுக் குழுக்களுக்கு இடம் கொடுப்பது பத்து வருடம் முன்னாலேயே தொடங்கியிருக்க வேண்டியது. மூத்தவர்கள் என்றால் ரத்தாகும் அபாயம் அதிகம் என்று சொல்வார்கள், ஓரளவு சரி, ரோலிங் ஸ்டோன்ஸ் பாடகர் மிக் ஜாகருக்கு 2019இல் இதய வால்வு சிகிச்சை வந்து அவர்கள் சுற்று தள்ளிப்போனது. ஆனால் 2015 கிளாஸ்டன்பரியில் கடைசி நேரத்தில் வராமல் போன ஃபூ ஃபைட்டர்ஸின் டேவ் குரோலுக்கு 46 வயது, மேடையிலிருந்து விழுந்து கால் உடைந்தது. எலும்புக்கு வயது தெரியாது.

உங்கள் டிக்கெட் விஷயத்துக்கு வருகிறேன். சொந்தக் கச்சேரி, விழா இரண்டும் உங்கள் பயணத் தேதிக்குள் வந்தால் சொந்தக் கச்சேரிக்குப் போங்கள், ஒலியும் நேரமும் இரண்டுமே கூடுதலாகக் கிடைக்கும். விழா மட்டும்தான் என்றால் முன்வரிசைக்கு முண்டியடிக்க வேண்டாம், மிக்ஸர் கூடாரத்துக்குச் சற்று முன்னால் நடுவில் நில்லுங்கள், ஒலி ஆள் கேட்பதைத்தான் நீங்களும் கேட்பீர்கள், காதடைப்பான் மறக்காதீர்கள். வாங்குவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். அந்தச் சுற்றின் கடைசி இரண்டு வாரங்களில் யாராவது போனில் எடுத்த பதிவுகளைத் தேடுங்கள், போனைப் பைக்குள் வைக்கச் சொல்லிக் குழுவே கேட்டிருந்தது, ஆனாலும் நாலைந்து கிடைக்கும். மெருகேற்றி வெளியிட்ட பதிவு வேண்டாம், கையில் ஆடுகிற பதிவுதான் வேண்டும். இரண்டாம் பாட்டையும் கடைசிப் பாட்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். பாடகர் ஒவ்வொரு இரவும் ஒரே உச்ச வரியில் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டுகிறாரா, கடைசிப் பாட்டில் வேகம் தொய்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் யோசிக்காமல் வாங்கிவிடுங்கள்.